தறப்பாளா, ஷ்ரிங்க் ராப்பா, படங்கா: ஏழு மாதத்துக்குப் படகை எதனால் மூடுவது?

கனடாவில் ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதி வந்தால் சிம்கோ ஏரியின் இறங்குதுறைகளில் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்கும். படகைத் தண்ணீரிலிருந்து எடுக்கிற காலம் அது. திரும்ப இறக்குவது பெரும்பாலும் மே மாதம், விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டி. கணக்குப் பார்த்தால் ஒன்ராறியோவில் ஒரு மீன்பிடிப் படகு வருடத்தில் 5 மாதம் தண்ணீரில் ஓடுகிறது, 7 மாதம் தரையில் மூடிக்கிடக்கிறது. எந்த எஞ்சின், எந்த மீன் தேடும் கருவி என்று மாதக்கணக்காக விசாரித்து வாங்குகிற நாங்கள், அந்த 7 மாதத்துக்கு எதைப் போட்டு மூடுவது என்பதை மட்டும் கடைசி நேரத்தில், கடையில் எது மிச்சம் இருக்கிறதோ அதை வைத்து முடித்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 17 அடி அலுமினியப் படகு, 60 குதிரைவலு அவுட்போட் எஞ்சின், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டுப் பக்கத்து டிரைவ்வே. முதல் வருடம் ஒரு நீலத் தறப்பாளை வாங்கிப் படகின் மேல் விரித்து, கொளுக்கி வைத்த இறப்பர் கயிறுகளால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினேன். நவம்பர் மழைக்கே இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் தறப்பாள் தொய்ந்து தொட்டி மாதிரி ஆனது. அதில் தேங்கிய தண்ணீர் இரவில் உறைந்தது. அதன் மேல் பனி விழுந்தது. பகலில் கொஞ்சம் உருகி இரவில் திரும்ப இறுகியது. ஜனவரிக் கடைசியில் ஒரு காலை பார்த்தால் ஓரத்து வளையங்கள் வரிசையாகப் பிய்ந்து, முழுப் பாரமும் படகுக்குள் இறங்கியிருந்தது. ஓர் இருக்கையின் அடித்தண்டு வளைந்து போயிற்று. ஐஸைச் சுத்தியலால் உடைக்கப் போனால் அலுமினியத்தில் பள்ளம் விழும். சுடுதண்ணீர் ஊற்றினால் அதுவும் கீழே போய் உறையும். மார்ச் நடுவரை ஒன்றும் செய்ய முடியாமல் ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் தரை விரிப்பைத் தூக்கியபோது கீழே இருந்த பிளைவூட் பலகை விரல் வைத்த இடமெல்லாம் அமுங்கியது.

பாரம் எவ்வளவு வந்திருக்கும் என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். 17 அடி நீளம், 7 அடி அகலம் என்றால் ஏறக்குறைய 11 சதுர மீற்றர். புதிதாக விழுந்த பஞ்சுப் பனி ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். 30 சென்ரிமீற்றர் விழுந்தால் படகின் மேல் 160 முதல் 330 கிலோ. ஈரப் பனி என்றால் கன மீற்றர் 300 கிலோவுக்குப் போய்விடும். அது 30 சென்ரிமீற்றர் நின்றால் கிட்டத்தட்ட ஒரு தொன். 30 சென்ரிமீற்றர் இங்கே அதிசயமும் இல்லை. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவில் ஒரே நாளில் அதைவிடக் கூடுதலாக விழுந்தது. வடக்கே பாரி நகரப் பக்கம் படகை விட்டு வைப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: ஜோர்ஜியன் குடாவைக் கடந்து வரும் காற்று அங்கே கொட்டும் பனி, வருடக் கணக்கில் ரொறன்ரோவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கூரை முதலில், துணி பிறகு

கிடுகால் வீடு வேய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கப்பு நட்டு, முகட்டு வளை வைத்து, கைமரம் சாய்த்து, அதற்குப் பிறகுதான் கிடுகு ஏறும். முகடு தாழ்ந்த வீட்டில் புதுக் கிடுகு போட்டாலும் முதல் மாரிக்கே ஒழுகும். முகடு உயர்ந்த வீட்டில் பழங்கிடுகும் இன்னொரு மாரியைத் தாங்கும். படகு மூடியும் அப்படித்தான். சாதாரணத் தறப்பாள் நல்ல சட்டத்தில் கிடந்தால் ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தைத்த படங்கை, அதாவது தடித்த துணி மூடியை, சட்டமில்லாமல் விரித்தால் அதிலும் தொட்டிதான் விழும். எந்தத் துணி நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, சட்டம் எப்படிப் போடப் போகிறீர்கள் என்பதைத்தான்.

என் படகில் முகட்டு வளையாக 2க்கு 4 அங்குல மரச்சட்டம் அணியத்திலிருந்து (படகின் முன்பக்கம்) பின்பக்கம் வரை ஓடுகிறது. ஏறத்தாழ 4 அடிக்கு ஒரு கப்பு. கப்பின் கால் நேரே தரையில் நிற்காது. ஒரு சாண் அகலப் பலகைத் துண்டின் மேல் நிற்கும். பாரம் ஒரே புள்ளியில் இறங்கினால் தரை குழிந்துவிடும். முகட்டின் உயரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: படகின் பாதி அகலம் எவ்வளவோ, விளிம்பிலிருந்து அவ்வளவு உயர்த்தினால் சாய்வு 45 பாகை. 7 அடி அகலத்துக்கு மூன்றரை அடி. அந்தச் சாய்வில் பனி தானாக வழுக்கி விழும். அவ்வளவு உயர்த்த முடியாவிட்டால் 2 அடியாவது வேண்டும். சாய்வு 30 பாகைக்குக் கிட்ட வரும். அதற்கும் கீழே போனால் பனி தங்கத் தொடங்கும். கைமரத்துக்கு 1க்கு 3 பலகைகள் போட்டிருக்கிறேன். சிலர் முழுச் சட்டத்தையும் பீவிசி குழாயால் வளைத்துக் கட்டுகிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் கடுங்குளிரில் பீவிசி நொறுங்கும். அதை வடிவம் கொடுக்கப் பாவிக்கலாம், பாரம் தாங்க விடக்கூடாது.

சட்டம் முடிந்ததும், துணி போட முன்னர், கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். மரத்தின் மூலை, திருகாணித் தலை, கண்ணாடித் தடுப்பின் ஓரம், கயிறு கட்டும் கொம்பு என்று கைக்குக் குத்துகிற இடமெல்லாம் துணியையும் குத்தும். அங்கெல்லாம் பழைய கம்பளத் துண்டைச் சுற்றி ஒட்டுநாடாவால் கட்டிவிடுவேன். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத ஒரு வருடம், காற்றடித்து அடித்து, கண்ணாடித் தடுப்பின் மூலையில் தறப்பாள் கத்தியால் வெட்டினதுபோல ஒரு முழம் கிழிந்திருந்தது.

ட்ரெய்லரில் இல்லாமல் முட்டுக்கால்களில் நிற்கும் பெரிய படகுக்கு ஒரு எச்சரிக்கை. மூடியின் கயிற்றை ஒருபோதும் அந்த முட்டுக்காலில் கட்டாதீர்கள். காற்று துணியை உயர்த்தும்போது கயிறு முட்டுக்காலை உருவிவிடும். படகு சாய்ந்து விழும். கயிறு படகின் அடியால் மறுபக்கம் போய் மறு விளிம்பில் முடியவேண்டும். ட்ரெய்லர் என்றால் அதன் சட்டத்தில் கட்டுவதில் பிழையில்லை.

தறப்பாள்

விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், யார் உதவியும் இல்லாமல் நாமே போடலாம். இவை மூன்றும் உண்மை. ஆனால் தறப்பாள் எல்லாம் ஒன்றல்ல. மெல்லிய நீலத் தறப்பாள் 5, 6 மில் தடிப்பில் வரும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளி நிறத்தில், மண்ணிற உட்பக்கத்தோடு வருபவை 10 மில்லிலிருந்து 16 மில் வரை இருக்கும். நீலத்தை ஒரு குளிர்காலத்துக்கு மேல் நம்பக்கூடாது. வெயில் பட்டுப் பட்டு அது உலர்ந்த இலை மாதிரி நொறுங்கி, நீல நூல் நூலாகப் படகு முழுக்கப் பரவும். தடித்தது இரண்டு குளிர்காலம் போகும்.

அளவு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் வெட்டின அளவு. ஓரம் மடித்துத் தைத்த பிறகு சில அங்குலம் குறைந்திருக்கும். அடுத்தது, படகின் அகலத்தை அல்ல, முகட்டிலிருந்து இரு பக்கமும் சரிந்து விளிம்புக்குக் கீழே தொங்கும் தாவாரம் வரைக்கும் அளக்க வேண்டும். என் 17 அடிப் படகுக்கு 16க்கு 24 அடி தேவைப்பட்டது. முதல் வருடம் நான் வாங்கியது 12க்கு 20.

தறப்பாளின் பலவீனம் ஓரத்து வளையங்கள்தான். துணி கிழிவதற்கு முன் வளையம் பிய்ந்துவிடும். அதற்கு நான் செய்வது: ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லை, தேசிக்காய் அளவு, தறப்பாளின் உட்பக்கத்தில் வைத்து, வெளியிலிருந்து துணியோடு சேர்த்துக் கழுத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவேன். இழுவை ஒரு வளையத்தில் இல்லாமல் துணியில் பரவும். இப்படிக் கட்டத் தொடங்கின பிறகு ஒரு கல்லும் பிய்ந்ததில்லை. இறப்பர் கயிறு மட்டும் வேண்டாம். குளிரில் அதன் இழுவை போய்விடும், தறப்பாள் அடித்துக்கொள்ளத் தொடங்கும். அடித்துக்கொள்ளும் தறப்பாள் உப்புத்தாள் மாதிரி. பைபர் கிளாஸ் படகின் மினுமினுப்பைத் தேய்த்து மங்கலாக்கிவிடும். ஓரத்தில் தண்ணீர்க் கலன்களைத் தொங்கவிடும் வழக்கமும் இருக்கிறது. காற்றில்லாத இடத்துக்கு அது சரி. எங்கள் பக்கம் அவை ஊஞ்சலாடிப் படகை இடிக்கும்.

தறப்பாள் யாருக்கு? படகு வீட்டோடு நிற்க வேண்டும், பனி கொட்டின மறுநாள் காலை மென்மையான தும்புத்தடியோடு வெளியே போய்த் தட்டிவிட ஆள் இருக்க வேண்டும். 80 கிலோமீற்றருக்கு அப்பால் படகை விட்டுவிட்டு வருபவர்களுக்கு இது தோதுப்படாது. முன் டிரைவ்வேயில் படகு நிறுத்துவதற்கு நகரத்துக்கு நகரம் விதி வேறு. உங்கள் மாநகரசபையின் விதியைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

படகோடு வரும் பயண மூடியைப் பற்றி ஒரு வரி போதும். அது நெடுஞ்சாலையில் தூசியும் மழையும் படாமல் இழுத்துப் போவதற்கும், கோடையில் இரவுக்கு மூடுவதற்கும் தைத்தது. தட்டையாகக் கிடக்கும், பனியின் பாரத்துக்கு அல்ல. அதைப் போட்டு, அதன் மேல் சட்டம் வைத்துத் தறப்பாள் போடுவது நல்ல யோசனை. அதை மட்டும் நம்புவது நல்ல யோசனை அல்ல.

ஷ்ரிங்க் ராப்

வெள்ளையாக, மேளத்தோல் மாதிரி இறுகி, படகுக்கூடங்களில் வரிசையாக நிற்பவை இவைதான். சூடுகாட்டினால் சுருங்கி இறுகும் 7 மில் பொலித்தீன். தடிப்பில் நல்ல தறப்பாளைவிடக் குறைவு. ஆனால் பலம் தடிப்பில் இல்லை, இறுக்கத்தில் இருக்கிறது. செய்கிற முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை முகட்டு நாடா இழுத்துக் கப்பு நிறுத்துகிறார்கள். விளிம்புக்குக் கீழே படகைச் சுற்றி ஒரு பட்டி கட்டுகிறார்கள். சுருளிலிருந்து பொலித்தீனை விரித்துப் போட்டு, ஓரத்தைப் பட்டிக்குள்ளால் மடித்து, புரோப்பேன் சுடரால் சூடுகாட்டி ஒட்டுகிறார்கள். பிறகு கீழிருந்து மேலாகச் சூடு போகப் போக, சுருங்கிக் கிடந்த பொலித்தீன் கண்முன்னே நேராகி இறுகும். தேர்ந்த கைக்கு 17 அடிப் படகு ஒரு மணி நேர வேலை. முடிந்ததும் விரலால் சுண்டினால் சத்தம் கேட்கும். தொய்வே இல்லாததால் தண்ணீர் தேங்க இடமில்லை, காற்றுக்கு அடித்துக்கொள்ள இடமில்லை. தூரத்தில் விட்டுவிட்டு வரும் படகுக்கு இதைவிட நிம்மதியான மூடி வெளியில் கிடையாது.

எஞ்சினையும் சேர்த்து மூடலாம் என்பது இன்னொரு வசதி. அவுட்போட் எஞ்சினைக் குளிர்காலத்தில் நேராகக் கீழே இறக்கித்தான் விடவேண்டும். தூக்கி வைத்தால் உள்ளே தங்கும் தண்ணீர் உறையும். உறையும்போது தண்ணீரின் பருமன் 9 சதவீதம் கூடும், உலோகக் கூடு வெடிக்கும். ஆகவே எந்த மூடியும் இறக்கிய எஞ்சினோடு பொருந்த வேண்டும். ஷ்ரிங்க் ராப்புக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

இதன் ஆபத்து உள்ளே இருக்கிறது. பொலித்தீன் மூச்சு விடாது. அத்தானின் 22 அடி பைபர் கிளாஸ் படகை ஒரு வருடம் இப்படித்தான் மூடினோம். காற்றுத் துளை வைப்பதற்குத் துளைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டார்கள். "தண்ணி போகாமல் மூடத்தானே காசு குடுக்கிறம், பேந்து ஏன் ஓட்டை போடுறியள்?" என்று அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்னது எனக்கும் அன்று சரியாகத்தான் பட்டது. ஏப்ரலில் வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை கத்தியால் கீறித் திறந்தோம். உள்ளேயிருந்து வந்த சூடான நெடியில் இருவரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம். வெள்ளை இருக்கைகள் முழுவதும் கரும்புள்ளி. உட்கூரையில் துளித்துளியாகத் தண்ணீர் தொங்கியது. மழையோ பனியோ ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அவ்வளவும் படகுக்குள் ஏற்கெனவே இருந்த ஈரம். மெத்தைத் துணி, கயிறு, விரிப்பு, அடியில் தங்கின ஒரு கிண்ணம் தண்ணீர், எல்லாம் பகல் வெயிலில் ஆவியாகி, இரவுக் குளிரில் பொலித்தீனில் படிந்து, திரும்பச் சொட்டியிருக்கிறது. அந்தப் புள்ளிகள் தையல் நூலுக்குள் இறங்கியிருந்ததால் எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

ஆகவே ஷ்ரிங்க் ராப் போடுபவர்கள் துளைக்குக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் எதிரெதிராக, சிறிய படகுக்கே நான்கு இருக்கட்டும். மெத்தைகளையும் மிதவைச் சட்டைகளையும் வீட்டுக்கு எடுத்துவிடுங்கள். படகின் வடிதுளை அடைப்பானைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி, உள்ளே இருக்கும் தண்ணீர் பின்னால் வடிந்து முடிந்த பிறகே மூடச் சொல்லுங்கள். நிறத்தையும் சொல்ல வேண்டும்: நீலம் வெயிலை உறிஞ்சுவதால் பனி விரைவாக உருகும், ஆனால் உள்ளேயும் சூடேறும். வெள்ளை அவ்வளவு சூடேறாது. நான் வெள்ளையையே சொல்வேன்.

சுருள் வாங்கி, சுடர்த் துப்பாக்கி வாடகைக்கு எடுத்து வீட்டில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். எரிபொருள் தாங்கியின் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் திறந்த சுடர் போகிற வேலை இது. பெற்றோல் ஆவியும் புரோப்பேனும் காற்றைவிடப் பாரமானவை. படகின் அடியில் போய்த் தங்கும். மூச்சுக்குழாயை வேலை நேரத்தில் அடைக்கவும், முடிந்ததும் மறக்காமல் திறக்கவும் பழகினவர்களிடம் விடுங்கள்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு மே மாதமும் படகுக்கூடங்களின் மூலையில் இந்த வெள்ளைப் பொலித்தீன் மலையாகக் குவிகிறது. ஒரே ஒரு பருவம் பாவித்தது. சுத்தமாக இருந்தால், பட்டி, உள்ளே போய்வர வைக்கும் சிப் கதவு, துளைமூடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், இது மீள்சுழற்சிக்கு உகந்த பொருள்தான். ஆனால் அதைச் செய்யாமல் அப்படியே குப்பைக்கு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன், கழற்றினதை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் பதில் மாறும்.

படங்கு

ஊரில் லொறிக்கும் நெல் மூட்டைக்கும் போட்ட படங்கு மெழுகு பூசிய பருத்தி. இன்று படகுக்குத் தைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பொலியெஸ்ரர். சன்பிரெல்லா என்று எல்லாரும் சொல்வது அக்ரிலிக் வகை. அதில் நூலைத் திரிக்கும் முன்பே சாயம் கலந்துவிடுவதால் வெயிலில் வெளிறுவது மிகக் குறைவு. பொலியெஸ்ரர் இழுவைக்கு உறுதி, அக்ரிலிக் வெயிலுக்கு உறுதி. இரண்டுக்கும் பொதுவான குணம், தண்ணீரை வழியவிட்டு ஆவியை வெளியே விடுவது. அத்தானின் படகுக்கு நடந்தது படங்குக்குள் நடப்பது அரிது. கிடுகு செய்கிற வேலையை இது செய்கிறது. வினைல் பூசிய துணியும் படங்கு என்று விற்கப்படும். அது சொட்டும் விடாது, மூச்சும் விடாது. கையில் எடுத்து வாயை வைத்து ஊதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நல்ல படங்கு பத்து வருடத்தை எட்டும். முதலில் போவது துணி அல்ல, தையல். சாதாரண பொலியெஸ்ரர் நூல் வெயிலில் நைந்து, துணி நன்றாக இருக்கும்போதே மூட்டு விட்டுவிடும். தைக்கக் கொடுக்கும்போது வெயில் தாங்கும் பீரிஎஃப்ஈ நூலால் தைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம். கண்ணாடித் தடுப்பின் மூலை, முகடு, எஞ்சின் தலை ஆகிய இடங்களில் இரட்டைத் துணி வைக்க வேண்டும்.

இதன் தொல்லை கோடையில். கழற்றின படங்கு பாரம். மடித்தால் ஒரு பெரிய சூட்கேஸ் அளவு வரும். நன்றாக வெயிலில் காயவிட்டு மடிக்காவிட்டால் கராஜிலேயே பூஞ்சணம் பிடிக்கும். எலிக்கு அது நல்ல படுக்கை. நான் ஒரு மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் போட்டு வைக்கச் சொல்வேன்.

கட்டடத்துக்குள் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூடாக்காத கொட்டகைகூடப் பனியையும் வெயிலையும் காற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடும். மேலே ஒரு மெல்லிய துணி போட்டால் தூசிக்குப் போதும். வெளியில் வைப்பதைவிட வாடகை நன்றாகவே கூட. மரப் படகு, விலை கூடிய புதுப் படகு வைத்திருப்பவர்கள் அதைக் கொடுக்கலாம். என் படகுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

காசுக் கணக்கு

எனக்குச் சொன்ன விலைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் பக்கத்தில் கூடக் குறைய இருக்கும். ஷ்ரிங்க் ராப் அடிக்கு 20 டொலர், 17 அடிக்கு 340, ஒன்ராறியோவின் 13 சதவீத வரியோடு 384. துளையும் சிப் கதவும் வேறு. 5 வருடத்துக்கு 1,920 டொலர், கையில் ஒன்றும் மிஞ்சாது. தடித்த தறப்பாள் ஒன்று 130, இரண்டு குளிர்காலத்துக்கு ஒன்று என்றால் 5 வருடத்துக்கு மூன்று. சட்டத்துக்கு மரம் ஒருமுறை 100. வரியோடு ஏறத்தாழ 550 டொலர். அளவெடுத்துத் தைக்கும் படங்கும் அலுமினியக் குழாய்ச் சட்டமும் 2,400, வரியோடு 2,712. ஷ்ரிங்க் ராப்போடு ஒப்பிட்டால் 7 வருடத்தில் காசு திரும்பிவிடும். ஏழாவது வருடத்துக்குப் பிறகு வருவதெல்லாம் மிச்சம்.

தறப்பாள்தான் மலிவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 550க்குள் என் நேரம் இல்லை. ஒக்டோபரில் ஒரு முழு நாள், பிறகு ஒவ்வொரு பெரும்பனிக்கும் மறுநாள் காலையில் தும்புத்தடி. 2013 டிசம்பரில் வந்ததுபோல உறைமழை வந்தால் தும்புத்தடியாலும் பயனில்லை. சாய்வு எவ்வளவு இருந்தாலும் ஐஸ் துணியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அன்று படகைக் காப்பது கப்புகள் மட்டுந்தான்.

அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் படகை மாற்றும் எண்ணம் இருந்தால் படங்கு தைக்காதீர்கள். அது அந்த ஒரு படகின் உடம்புக்குத் தைத்த சட்டை. அடுத்த படகுக்குப் பொருந்தாது. அப்படியானவர்களுக்கும், படகைத் தூரத்துக் கூடத்தில் விடுபவர்களுக்கும் துளை வைத்த ஷ்ரிங்க் ராப். முதல் படகு, வீட்டோடு நிற்கிறது, கையில் வேலை தெரியும் என்றால் தடித்த தறப்பாளும் உயர்ந்த முகடும். படகு இனி மாறாது என்று உறுதியானால் படங்கு.

ஐந்து குளிர்காலம் தறப்பாளோடு போராடிவிட்டு, இந்த வருடம் நான் படங்கு தைக்கக் கொடுத்திருக்கிறேன். அளவெடுக்க வந்தவர் படகு வெறுமையாக நிற்பதைப் பார்த்துவிட்டு நாடாவை எடுத்தார். நான் நிறுத்தி, எஞ்சினை இறக்கி, அணியத்தை உயர்த்தி, சட்டத்தைப் பூட்டி, முகடு மூன்றரை அடிக்கு வந்த பிறகே அளக்கவிட்டேன். நீங்களும் கொடுப்பதானால், குளிர்காலத்தில் படகு எப்படி நிற்குமோ அப்படி நிறுத்திவிட்டு அளவு கொடுங்கள். அணியத்திலும் பின்னிலும் முகட்டுக்குக் கீழே ஒவ்வொரு காற்றுவாசல், ஒரு சாண் அகலத்தில், மேலே மடிப்பு வைத்து. அதை அவர் துண்டுச் சீட்டில் எழுதும்வரை பக்கத்தில் நின்றேன்.